முதல் பாகம் ஓகோ! அடுத்த பாகம் ஐயோ! — கம்ப்யூட்டர் விளையாட்டு கம்பெனிகள் படிக்க வேண்டிய பாடம்

சினிமாவுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாம் உண்டு. முதல் பாகம் சக்கைப்போடு போட்டால் போதும். "அடுத்த பாகம் எப்போ?" என்று ஜனங்கள் நச்சரிக்கத் தொடங்கி விடுவார்கள்.

ஆனால் அடுத்த பாகம் வந்ததும் என்ன நடக்கிறது? பல சமயம் வாங்கியவர் தலையில் கை வைத்துக் கொண்டு உட்காருகிறார். "இதுக்குப் பழசே தேவலை" என்கிறார்.

ஏன் இப்படி? ஒரு விளையாட்டு ஏன் அமோகமாக விற்கிறது? அதன் அடுத்த பாகம் ஏன் பணால் ஆகிறது? அடுத்த பாகத்தில் என்னதான் இருக்க வேண்டும்?

இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரே ஒரு விளையாட்டின் கதை போதும். அதுதான் "நகரம் கட்டும்" விளையாட்டு.

கொட்டாவி வரும் சமாச்சாரமா?

இந்த விளையாட்டில் துப்பாக்கி கிடையாது. சண்டை கிடையாது. கார் பந்தயமும் கிடையாது.

பிறகு என்னதான் இருக்கிறது? ரோடு போட வேண்டும். மின்சாரம் கொடுக்க வேண்டும். குடியிருப்பு எங்கே, கடை எங்கே, பாக்டரி எங்கே என்று இடம் பிரிக்க வேண்டும். வரி போட வேண்டும். நெருப்புப் பிடித்தால் அணைக்க ஆள் அனுப்ப வேண்டும்.

"அட போங்க சார்! இது முனிசிபாலிட்டி வேலை ஆச்சே! இதைக் காசு கொடுத்து வாங்கி எவன் விளையாடுவான்?" என்று கேட்கிறீர்களா?

கம்பெனிக்காரர்களும் அன்றைக்கு இதைத்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் கோட்டை விட்டார்கள்!

குண்டு போடப் போனவர் ஊர் கட்டினார்

அமெரிக்காவில் வில் ரைட் என்று ஒருவர். ஹெலிகாப்டரில் பறந்து போய்க் குண்டு போடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். "ரெய்ட் ஆன் பங்கலிங் பே" என்று பெயர். 1984-ல் வெளிவந்தது.

குண்டு போட ஒரு ஊர் வேண்டுமே! தீவு, ரோடு, பாக்டரி எல்லாம் வரைவதற்குத் தனியாக ஒரு கருவி செய்து கொண்டார். அங்கேதான் வேடிக்கை. குண்டு போட்டு அழிப்பதைவிட, உட்கார்ந்து ஊரைக் கட்டுவதுதான் அவருக்கு ஜாலியாக இருந்தது!

"அழிப்பதை விடு, கட்டுவதையே விளையாட்டாக்கினால் என்ன?" என்று நினைத்தார். நகரங்கள் எப்படி வளர்கின்றன, எப்படித் தேய்கின்றன என்று ஜே பாரஸ்டர் என்ற பேராசிரியர் 1969-ல் எழுதிய புத்தகத்தையும் கரைத்துக் குடித்தார்.

சரக்கு தயார். வாங்கத்தான் ஆள் இல்லை. "இதில் ஜெயிப்பது எப்போது? தோற்பது எப்போது?" என்று கேட்டார்கள். இரண்டும் கிடையாது என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ரைட் விடவில்லை. ஜெப் பிரான் என்பவருடன் சேர்ந்து 1987-ல் "மாக்ஸிஸ்" என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1989-ல் "சிம்சிட்டி" கடைக்கு வந்தது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பிள்ளைகள் விளையாடினார்கள். ஆபீஸ் போகிறவர்கள் விளையாடினார்கள். பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லித் தரவும் வைத்துக் கொண்டார்கள்.

விற்றதற்கு 4 காரணம்

முதல் காரணம்: ஐந்தே நிமிடத்தில் புரியும். ரோடு என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது: ஒரு வேலை இன்னொரு வேலையை இழுக்கும். வீடு கட்டினால் ஜனம் வரும். ஜனம் வந்தால் போக்குவரத்து நெரிசல். நெரிசலுக்காக ரோட்டை அகலமாக்கினால் கஜானா காலி. கஜானாவுக்காக வரியை ஏற்றினால் ஜனம் ஊரைக் காலி பண்ணும். "இந்த ஒரு வேலையை முடிச்சிட்டுப் படுக்கலாம்" என்று உட்கார்ந்தவர் விடிந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

மூன்றாவது: தப்புக்குப் பழி போட ஆள் கிடையாது. நெரிசல் உங்களால் வந்தது. கடனும் உங்களால் வந்தது. ஊர் செழித்தால் அந்தப் பெருமையும் உங்களுக்கே!

நாலாவது: ஒருவர் ஊர் மாதிரி இன்னொருவர் ஊர் இருக்காது. அதனால் "என் ஊரைப் பார்த்தியா?" என்று நாலு பேரிடம் காட்டத் தோன்றும். இதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

கவனியுங்கள். இந்த நாலில் "படம் பளபளவென்று இருந்தது" என்பது இல்லவே இல்லை. 1989-ல் வந்த சிம்சிட்டி பார்ப்பதற்குக் கட்டம் போட்ட வரைபடம் மாதிரிதான் இருந்தது.

அடுத்த பாகம் இப்படி இருக்கணும்!

1993-ல் "சிம்சிட்டி 2000" வந்தது. நல்ல இரண்டாம் பாகத்துக்கு இலக்கணம் எழுதிய விளையாட்டு இது.

பழசில் இருந்த ரோடு, மின்சாரம், வரி எல்லாம் அப்படியே இருந்தன. எதையும் பிடுங்கவில்லை. அதற்கு மேல் மேடு பள்ளம் வந்தது. தரைக்குக் கீழே தண்ணீர்க் குழாய் வந்தது. சுரங்க ரயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வந்தன. மேலிருந்து பார்த்த ஊரைச் சாய்வாக, கட்டடத்தின் உயரம் தெரியும்படி பார்க்க முடிந்தது.

பழைய ஆட்டக்காரர் உட்கார்ந்ததும் "அட, நம்ம ஊரு!" என்றார். பத்து நிமிடம் கழித்து "அட, இதெல்லாம்கூட இருக்கா!" என்றார். இந்த இரண்டு "அட"வும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வியாபாரம் படுக்கும்.

1997-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி மாக்ஸிஸை வாங்கியது. "சிம்சிட்டி 3000" 1999-ல் வந்தது. 2003-ல் வந்த "சிம்சிட்டி 4", ஒரு ஊர் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரு வட்டாரத்தையே கட்ட வைத்தது. ரசிகர்கள் தாங்களாகவே புதுக் கட்டடங்களும் புது ரோடுகளும் செய்து இலவசமாகப் பரிமாறிக் கொண்டார்கள். அதனால் அந்த விளையாட்டு பல வருடம் சாகாமல் நின்றது.

10 வருடம் காத்திருந்து...

பிறகு பெரிய பாகம் வர 10 வருடம் ஆனது. நடுவில் 2007-ல் வேறொரு குழு செய்த "சிம்சிட்டி சொசைட்டீஸ்" வந்தது. பெயர் மட்டும்தான் சிம்சிட்டி, ஆட்டம் வேறு. பழைய ரசிகர்கள் பலர் சீண்டவில்லை.

2013 மார்ச் 5. புது "சிம்சிட்டி" அமெரிக்காவில் வெளிவந்தது. விலை 60 டாலர். ஆவலோடு வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு அன்று கிடைத்தது என்ன? கியூ!

ஆமாம். வீட்டில் உட்கார்ந்து தனியாக விளையாடுவதற்கும் இண்டர்நெட் வழியே கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்து விட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் கூட்டம் தாங்காமல் படுத்து விட்டன. பலர் உள்ளே நுழையவே முடியவில்லை. நுழைந்தவர்கள் சிலர் கட்டிய ஊர் காணாமல் போனது. பாரத்தைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையே கம்பெனி நிறுத்தி வைத்தது. அமேசான் கடை அதன் டவுன்லோடு விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தியது. கடைசியில் "கோபப்படாதீர்கள், இன்னொரு விளையாட்டு இலவசம்" என்று கம்பெனி சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

சரி, கம்ப்யூட்டர் படுப்பது சகஜம், நாலு நாளில் சரியாகும் என்று விடலாம். ஆனால் உள்ளே போனவர்களுக்கு அடுத்த அடி காத்திருந்தது.

சிம்சிட்டி 4-ல் பெரிய ஊர் 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர். புதுசில் 2-க்கு 2 தான். அதாவது காணி நிலத்தை வாங்கியவனிடம் கால் காணியைக் கொடுத்த மாதிரி! சுரங்க ரயில் இல்லை. மலையை வெட்டி நிலத்தைச் சமன் செய்ய முடியாது. நெடுஞ்சாலையை நம் இஷ்டத்துக்குப் போட முடியாது. பழைய நிலைமையைச் சேமித்து வைத்து, தப்பு செய்தால் அங்கிருந்து மறுபடி தொடங்கவும் வழியில்லை.

10 வருடம் கழித்து வந்த பாகம், 10 வருடத்துக்கு முன்பு கொடுத்ததைப் பிடுங்கிக் கொண்டது. இதுதான் குற்றம்.

"இண்டர்நெட் இல்லாமல் ஓட்டுவது லேசான காரியம் இல்லை" என்று கம்பெனி சொன்னது. அதே கம்பெனி 2014 மார்ச்சில் இண்டர்நெட் இல்லாமலே ஓடும்படி செய்தது. ஒரு வருடம் லேட்!

கூட்டம் வந்ததே?

"முதல் இரண்டே வாரத்தில் 11 லட்சம் விற்றதே, அது தோல்வியா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அப்பா நல்ல சரக்கு விற்றுச் சேர்த்த பெயருக்காகத்தான் மகன் கடையில் முதல் நாள் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டம் மகனுக்கு வந்ததல்ல. மகன் போடும் எடை சரியா என்று பார்த்த பிறகு, இரண்டாம் மாதம் வருகிற கூட்டம்தான் அவனுக்கு வந்தது.

விளையாட்டிலும் அப்படித்தான். அடுத்த பாகத்தின் முதல் வார விற்பனை பழைய பாகம் சம்பாதித்தது. அடுத்த பாகத்தின் தரம் அதற்கடுத்த பாகத்தின் விற்பனையில்தான் தெரியும்.

சிம்சிட்டிக்கு அதற்கடுத்த பாகம் என்ன ஆயிற்று? செல்போனுக்கு ஒன்று வந்தது. கம்ப்யூட்டருக்கு 2013-க்குப் பிறகு வரவே இல்லை. மாக்ஸிஸின் எமரிவில் ஸ்டூடியோவை 2015 மார்ச் 4-ல் இழுத்து மூடினார்கள்.

13 பேர் போட்ட போடு!

அது மூடி ஆறாவது நாள். 2015 மார்ச் 10. பின்லாந்து நாட்டிலிருந்து "சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்" என்ற நகரம் கட்டும் விளையாட்டு வந்தது. செய்தது கொலோசல் ஆர்டர் என்ற சின்னக் கம்பெனி. குழுவில் சுமார் 13 பேர்தான். வெளியிட்டது ஸ்வீடனின் பாரடாக்ஸ் கம்பெனி.

விலை 30 டாலர். சிம்சிட்டி விலையில் பாதி. இண்டர்நெட் கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் ஊருக்கு 2-க்கு 2 கிலோமீட்டர். ஆனால் ஊர் வளர வளர அதே போல 9 மனை வரை வாங்கலாம். ரசிகர்கள் தாங்கள் செய்த கட்டடங்களைச் சேர்க்கக் கதவை விரியத் திறந்து வைத்தார்கள்.

24 மணி நேரத்தில் இரண்டரை லட்சம் விற்றது. ஒரு மாதத்தில் 10 லட்சம். 2022-க்குள் 1 கோடியே 20 லட்சம்!

சும்மா சொல்லக்கூடாது, இவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சிம்சிட்டி ரசிகன் 10 வருடமாக எதைக் கேட்டுக் கொண்டிருந்தானோ, அதைக் கொடுத்தார்கள். இன்னொரு கம்பெனி எழுதியிருக்க வேண்டிய இரண்டாம் பாகத்தை இவர்கள் எழுதினார்கள். அவ்வளவுதான்!

ஜெயித்தவரும் சறுக்கினார்

கதை இதோடு முடிந்திருந்தால் "பெரிய கம்பெனி கெட்டது, சின்னக் கம்பெனி நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படி இல்லை.

2023 அக்டோபரில் "சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2" வந்தது. விலை 50 டாலர். வருவதற்குச் சில நாள் முன்பே, "நாங்கள் நினைத்த வேகத்தை எட்டவில்லை" என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் வெளியிட்டது!

நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடமே நொண்டியடித்தது. ரசிகர்கள் உள்ளே பிரித்துப் பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் எறும்பு மாதிரி தெரிகிற ஊர் ஜனங்களுக்கு வாய்க்குள் பல் வரிசைகூடச் செதுக்கி வைத்திருந்தார்கள். யார் போய் எண்ணப் போகிறார்கள்? பல்லுக்குச் செலவு செய்த கம்ப்யூட்டர், ரோட்டில் பஸ்ஸை ஓட்ட முடியாமல் திணறியது.

ரசிகர்கள் செய்ததைச் சேர்க்கும் வசதியும் உடனே வரவில்லை. முதல் பாகம் வளர்ந்ததே அதனால்தான்! கோளாறுகள் சரியாகும் முன்பே, 2024 மார்ச்சில் "கடற்கரை வீடுகள்" என்ற கூடுதல் தொகுப்பை விலைக்கு விட்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்து, தொகுப்பை இலவசமாக்கியது. 2025 நவம்பரில், இந்த விளையாட்டை இனி வேறொரு குழு பார்த்துக் கொள்ளும் என்று அறிவித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் போட்டியாளர் அடுத்த தெருக் கடைக்காரர் அல்ல. சொந்த முதல் பாகமேதான். முதல் பாகம் 8 வருடமாகச் சேர்த்த பனி, வெள்ளம், டிராம், விமான நிலையம் எல்லாவற்றோடும் பக்கத்தில் நிற்கிறது. புதுசு வெறும் கையோடு வந்தால் எடுபடுமா?

மூன்றில் ஒரு பங்கு கணக்கு

அப்படியானால் எவ்வளவு மாற்றலாம்? எவ்வளவு மாற்றக் கூடாது?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. "சிவிலிசேஷன்" என்ற புகழ்பெற்ற விளையாட்டை 1991-ல் கொடுத்தவர் சிட் மையர். அவர் வழியில் வந்தவர்கள் அடுத்தடுத்த பாகங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு இது: மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்கட்டும். இன்னொரு பங்கு பழசையே மெருகேற்றியதாக இருக்கட்டும். மிச்ச பங்கு புத்தம் புதுசு.

பழைய பங்கு இல்லையென்றால் வாடிக்கைக்காரர் போய்விடுவார். புதுப் பங்கு இல்லையென்றால் "பழைய கள்ளு, புது மொந்தை" என்பார்.

"கஷ்டமாக்கினால் போதும்" என்று நினைப்பவர்களும் உண்டு. ஜப்பானில் 1985-ல் வந்த "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" உலகையே ஆட்டியது. 1986-ல் அங்கே வந்த இரண்டாம் பாகம் கெட்டிக்காரர்களுக்காகச் செய்தது. காளானைத் தின்றால் பலம் வரும் என்று பழகியவர்களுக்கு, தின்றால் ஆளையே முடிக்கும் விஷக் காளானை வைத்தார்கள்! "ஐயோ, இது வேண்டாம்" என்று அப்போது அமெரிக்காவில் அதை வெளியிடவில்லை. வேறொரு ஜப்பான் விளையாட்டுக்கு மாரியோ வேஷம் போட்டு, 1988-ல் அதையே இரண்டாம் பாகமாக விற்றார்கள்.

கஷ்டம் என்பது உப்பு மாதிரி. வேண்டியதுதான். ஆனால் உப்பையே சோறாகப் போடக் கூடாது.

கம்பெனி சொல்லும் சமாதானம்

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு ஏறிவிட்டது. அன்று நாலு பேர் செய்த வேலைக்கு இன்று நானூறு பேர் வேண்டியிருக்கிறது. பழசில் 8 வருடத்தில் சேர்ந்ததை எல்லாம் புதுசில் முதல் நாளே கொடு என்றால் முடியுமா?

முடியாதுதான். ஆனால் முடியாததை முன்கூட்டிச் சொல்லலாமே! "இது இருக்கிறது, இது இல்லை, இது பிறகு இலவசமாக வரும்" என்று அட்டையில் போட்டால் யார் சண்டைக்கு வருவார்கள்? முழுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, "ரசம் மட்டும்தான் ஆச்சு, குழம்பு அடுத்த வருஷம்" என்றால்தான் இலையை மடிக்கிறார்கள்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதா, இல்லையா? 2014-ல் வந்த "தி க்ரூ" என்ற கார் விளையாட்டு 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டது. கம்பெனி கம்ப்யூட்டரை அணைத்ததும், காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலும் ஆட்டம் செத்தது. இப்படிப்பட்ட விற்பனை பொருளை விற்பது அல்ல, அனுமதி கொடுப்பதுதான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. 2025-ல் அமலுக்கு வந்தது.

என்ன செய்யணும்?

அடுத்த பாகம் எடுக்கும் கம்பெனிகளுக்கு ஜனங்கள் தரப்பில் ஆறு வார்த்தை:

1. பழசில் இருந்ததைப் பிடுங்காதே. எடுக்க வேண்டியிருந்தால் முன்னாலேயே சொல்.

2. பழசில் ஜனங்கள் குறைப்பட்டதை முதலில் சரி செய். புது யோசனை அப்புறம்.

3. வாங்குகிறவர் வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் ஓடட்டும். உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடினால் போதாது.

4. தனியாக விளையாடுகிறவனை இண்டர்நெட்டில் கட்டிப் போடாதே.

5. ரசிகர்கள் சேர்க்கக் கதவைத் திற. சம்பளம் வாங்காமல் உனக்கு உழைப்பவர்கள் அவர்கள்.

6. வேகாததைப் பரிமாறாதே. ஒரு வருடம் லேட்டானால் ஜனங்கள் திட்டுவார்கள், பிறகு மறப்பார்கள். அரைகுறையாக வந்தால் மறக்கவே மாட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாளே முந்தியடித்துக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். வாங்கியவர் நாலு பேரைக் கேளுங்கள். கத்தரிக்காய் வாங்கும்போதுகூடப் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தானே கூடையில் போடுகிறோம்? 50 டாலர், 60 டாலர் சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கலாமா?

நாம் பொறுத்தால்தான் அவர்கள் திருந்துவார்கள்!